விருந்தும் வீடும்: பெருந்தொற்றுக்குப் பின் புதுச்சேரிச் சுற்றுலா

காலத்துக்குச் சற்றே ஓய்வு கொடுங்கள் என்று பொருள்படும் ஆங்கில வாசகம் ஒன்றைப் புதுச்சேரிச் சுற்றுலாத் துறை பல ஆண்டுகள் தன் விளம்பரங்களில் பயன்படுத்தி வந்தது. 2020 மார்ச் மாத இறுதியில் காலம் மெய்யாகவே ஓய்வெடுத்துக்கொண்டது. கடற்கரைச் சாலை வெறிச்சோடியது. விடுதிகளின் கதவுகள் சாத்தப்பட்டன. வார இறுதிகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து குவியும் வாகனங்கள் எல்லையிலேயே நின்றுபோயின. அவ்வாண்டு உலகில் நாடு விட்டு நாடு சென்ற பயணியரின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது என்று ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுலா அமைப்பு கணக்கிட்டது. ஆனால் புதுச்சேரிக்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டவர். ஆகவே அறை துடைப்பவர், சமையற்கட்டில் பாத்திரம் கழுவுபவர், ஆட்டோ ஓட்டுநர், கடற்கரையில் சுண்டல் விற்பவர் ஆகியோர் அந்த ஆண்டில் இழந்தது எந்த உலகக் கணக்கிலும் ஏறவில்லை.

பெருந்தொற்று நமக்குப் பாடம் கற்பித்துவிட்டது என்று அந்நாள்களில் பலரும் எழுதினார்கள். சுற்றுலா இனி மெதுவானதாகவும் நியாயமானதாகவும் மாறும் என்றார்கள். ஓரிரு ஆண்டுகளில் கூட்டம் திரும்பியது. முன்னைக் காட்டிலும் மிகுதியாகவே திரும்பியது. அதை மீட்சி என்று அழைத்துக்கொண்டோம். எதிலிருந்து மீண்டோம், எதற்கு மீண்டோம், யார் மீண்டார்கள் என்னும் கேள்விகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. பயணியர் வரக்கூடாது என்பது நம் கட்சி அன்று. வருவோரால் ஊர் வாழவேண்டும், வருவோருக்காக ஊர் தேயக்கூடாது என்பதே நாம் சொல்ல விழைவது. திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலுக்குள் வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. வீடு இருந்தால்தான் விருந்து. வீட்டாரைத் திண்ணைக்குத் துரத்திவிட்டு நடத்துவதற்கு வேறு பெயர் உண்டு.

* * *

பெருந்தொற்று ஆண்டைப் பற்றிப் பேசும்போது புதுச்சேரிக்காரர்கள் இன்னொரு தேதியையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். 1898-இல் தோன்றிய ஏ.எஃப்.டி. பஞ்சாலை, நெடுங்காலம் நலிந்து கிடந்தபின், 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. ஊரடங்கின் நடுவே, நாலு பேர் கூடி நின்று வருந்தக்கூட இயலாத நாளில் அது நடந்தது. இந்நகரம் ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்களின் நகரம். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்த பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். வ. சுப்பையா போன்றோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாகவே எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் இங்கே சட்டமாயின.

ஆலைகள் ஓய்ந்தபின் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்த வேலைகளில் முக்கியமானது விடுதி வேலையும் உணவக வேலையும்தான். பாட்டனுக்கு வருகைப் பதிவேடு இருந்தது, சேமநல நிதி இருந்தது, சங்கம் இருந்தது. பேரனுக்குப் பல இடங்களில் நியமனக் கடிதம்கூட இல்லை. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும், சேமநல நிதிச் சட்டம் இருபது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் பொருந்தும். நான்கு அறை வைத்து நடக்கும் ஹோம்ஸ்டேயும் ஆறு மேசை போட்ட காபிக் கடையும் இந்த எல்லைகளுக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. இத்தகைய சிறு நிறுவனங்கள் நிறைந்தது நம் சுற்றுலா. அவற்றின் அழகே அவற்றின் சிறுமைதான் என்று பயண இதழ்கள் புகழ்கின்றன. அச்சிறுமைக்குள் ஒளிந்திருக்கும் பாதுகாப்பின்மை 2020-இல் ஒரே வாரத்தில் வெளிப்பட்டது. கதவு சாத்திய மறுநாளே சம்பளம் நின்றது. கேட்க ஒரு பதிவேடும் இல்லை.

நியாயமான சுற்றுலா என்ற பேச்சு இங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நமக்குப் படுகிறது. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குப் பதில் மூங்கில் குழல் வைப்பது நல்ல செயல்தான். அந்தக் குழலைக் கழுவுகிற பெண்ணுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அவள் காய்ச்சலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கேளாத பசுமை, சுவருக்குப் பூசிய பச்சை வண்ணத்தைவிட ஆழமானதன்று.

* * *

அடுத்தது கடல். புதுச்சேரிக்கு வருகிறவர் முதலில் பார்க்க விரும்புவது கடற்கரையை. கடற்கரைச் சாலையில் நீண்ட காலம் அவர் பார்த்தது கடலையும் கருங்கல்லையும் மட்டுமே, மணல் இல்லை. இங்கே மணல் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அந்தப் பயணத்தை மறித்தன. தெற்கே தேங்கிய மணலை வாரி வடக்கே விடவேண்டும் என்று திட்டத்திலேயே சொல்லப்பட்டிருந்தது. அந்த வேலை ஒழுங்காக நடக்கவில்லை. நகரின் முன்னிருந்த மணற்பரப்பு கரைந்து போயிற்று.

நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பித்தது; அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. வைத்திக்குப்பம், சோலைநகர் என்று தொடங்கி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என அது வளர்ந்தது. மீனவர் வீடுகள் இடிந்தன. படகு ஏற்ற இடமில்லை. வலை உலர்த்த இடமில்லை. கருவாடு காய வைக்கப் பெண்களுக்கு இடமில்லை. 2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. அதன்பின் காந்தி சிலைப் பக்கம் மணல் மீண்டும் சேர்ந்தது. விஞ்ஞானத்தின் துணையோடு ஒரு கடற்கரையைத் திரும்பப் பெறமுடியும் என்பதற்கு அது சான்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மணல் முதலில் திரும்பியது பயணியர் படம் எடுத்துக்கொள்ளும் இடத்தில். படகு ஏற்றும் குப்பங்களில் அன்று.

அவ்வாறே, தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று 2021-இல் சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்குக் கிடைத்தது. மகிழத்தக்கது. ஆனால் சான்று கிடைப்பது கரையின் ஒரு துண்டுக்கு. கடலோ துண்டு துண்டாக வாழ்வதில்லை. ஒரு துண்டைத் துடைத்துவைத்துவிட்டு அடுத்த துண்டில் கழிவுநீர் கலப்பதைப் பார்க்காதிருந்தால், சான்று ஒரு சட்டகம் மட்டுமே.

* * *

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தைப் படமெடுக்காமல் திரும்பும் பயணி இல்லை. புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அதுவே இருக்கிறது. அது போர் வெற்றிக்கோ மன்னனின் முடிசூட்டுக்கோ எழுப்பியதன்று. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பணியின் நினைவாக எழுந்தது. தன் மாளிகை இருந்த இடத்தில் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்ற தாசியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. ஒரு நகரம் தன் சின்னமாகத் தண்ணீரைத் தேர்ந்துகொண்டிருக்கிறது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

பெருமை அத்தோடு நின்றுவிடுகிறது. கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறிவருவது இங்கே வாழ்கிற எவரும் நாவால் அறிந்தது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்பது பழைய கணக்கு. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றுள் பெரியவை. ஏரிகளின் வரத்து வாய்க்கால்கள் அடைபட, நிலத்தடி நீரை மேலும் மேலும் ஆழத்திலிருந்து இறைக்கிறோம். நீச்சல் குளமும் புல்தரையும் வைத்த விடுதி எத்தனை வீடுகளின் தண்ணீரைக் குடிக்கிறது என்று அளந்து சொல்லும் பலகை நகரில் எங்கும் இல்லை. வீட்டுக் குழாய்க்கு அளவுமானி பொருத்துவதில் காட்டும் ஆர்வத்தை ஆழ்குழாய்க் கிணறு வைத்த விடுதிகளிடம் காட்டினால் போதும். பாதிப் பிரச்சினை நம் கண்ணுக்காவது தெரியும்.

* * *

இனி, நாம் எந்தக் கதையை விற்கிறோம் என்பது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிரித்திருந்தார்கள். அந்த நிறவெறிப் பெயரில் ஒரு பாதியை இன்று எவ்விதக் கூச்சமும் இன்றி விளம்பரப் பெயராக்கி வைத்திருக்கிறோம். மஞ்சள் சுவர், காகிதப் பூ, பிரெஞ்சுத் தெருப்பெயர்ப் பலகை, அதன் கீழே ஒரு புகைப்படம். இதுவே புதுச்சேரி என்று ஆகிவிட்டது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகின்றன. கிழக்கே நெரிசல் தாங்கவில்லை. மேற்கே மரபு தாங்கவில்லை. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்கவேண்டும். பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்து எழுதிய ஊர் இது. பாரதிதாசன் பிறந்த ஊர். ஆனந்தரங்கப் பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டில் தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்த ஊர். 1748-இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, வேதபுரீசுவரர் கோயிலைத் துய்ப்ளேக்சின் ஆட்சி இடித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அந்நாட்குறிப்பின் உலகத்திலிருந்து பிரபஞ்சன் படைத்த ‘வானம் வசப்படும்’ 1995-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. கி. ராஜநாராயணன் தம் வாழ்வின் பிற்பகுதியை இங்கே கழித்து, தொற்றின் இரண்டாம் அலை வீசிய 2021 மே 17 அன்று இங்கேயே மறைந்தார். மஞ்சள் சுவர்க் கதையில் இவர்களுக்கு இடமில்லை. 1936-இல் மாண்ட ஆலைத் தொழிலாளர்களுக்கும் இல்லை. காலனி ஆட்சி இனிய காதல் கதையாகச் சுருங்கும்போது, அதன் கொடுமையும் மறைகிறது; அதை எதிர்கொண்டு வாழ்ந்த மனிதர்களின் அறிவும் மறைகிறது.

இதைக் கருத்துலகப் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். கதை எங்கே இருக்கிறதோ அங்கேதான் காசு போகிறது. பத்துத் தெருக்களைப் பற்றி மட்டும் கதை சொன்னால் பத்துத் தெருக்களில் மட்டும் வாடகை ஏறும், அங்கிருக்கும் குடும்பங்கள் வெளியேறும், மற்ற தெருக்காரர்களுக்கு நெரிசல் மட்டுமே மிஞ்சும். மாற்று வழி உண்டு என்பதற்கு நம் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2002-க்கும் 2004-க்கும் இடையே, ஐரோப்பிய ஆணையத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நவ்-சுர்-லோ நகரமும் நம் நகராட்சியோடு கைகோத்தன. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் துணையோடு வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. செலவில் ஒரு பங்கைத் திட்டம் தந்தது, மறு பங்கை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று அவ்வீதிக்குக் கிடைத்தது. வீட்டில் குடியிருந்தவர்கள் குடியிருக்கவே, வீதி அழகுபெற்றது. அந்த ஒரு வீதி ஐம்பது வீதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

* * *

மதுவைப் பேசாமல் புதுச்சேரிச் சுற்றுலாவைப் பேசுவது பாசாங்கு. அரசின் வருவாயில் கலால் வரி பெரும் பங்கு. விலை மலிவு என்பதே வார இறுதிக் கூட்டத்தின் ஒரு பகுதிக்குக் காரணம். பெருந்தொற்றுக் காலத்தில் இதற்கு ஒரு சோதனையே நடந்தது. 2020 மே இறுதியில் மதுக்கடைகளை மீண்டும் திறந்தபோது, தமிழகத்திலிருந்து கூட்டம் வராதிருக்கச் சிறப்பு வரி விதித்துத் தமிழ்நாட்டு விலைக்கு இணையாக்கினார்கள். 2021 ஏப்ரலில் அவ்வரி விலக்கப்பட்டது. தொற்றைத் தடுக்க விலையை ஏற்றலாம் என்று தெரிந்த அரசுக்கு, விலையே கூட்டத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதும் தெரியும். அதன் பின்னர் ரெஸ்டோபார்கள் வரிசையாக உரிமம் பெற்றன. குடியிருப்புத் தெருக்களில் நள்ளிரவு இரைச்சலையும் சண்டையையும் எதிர்த்துக் குடியிருப்போர் போராட வேண்டியதாயிற்று. குடிப்பவரை நாம் குறைகூறவில்லை. ஒரு தெருவில் எத்தனை மதுக்கூடம் இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும்போது அத்தெருவில் உறங்கவேண்டிய குழந்தையின் வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்கிறோம்.

கேட்பது யார் என்ற இடத்தில்தான் நாம் இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். பிரெஞ்சிந்தியாவில் 1880-இலேயே நகராட்சி மன்றங்கள் ஏற்பட்டன. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் (மேரி என்பது நகராட்சி மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்) அதன் அடையாளம். பராமரிப்பின்றிக் கிடந்த அது 2014 நவம்பரில் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் நிதியுதவியோடு, பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கட்டடம் அழகாக இருக்கிறது. பயணியர் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மன்றம்தான் இல்லை. 1968-க்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி இன்றி அதிகாரிகளைக் கொண்டே நகரை நடத்தினார்கள். 2021-இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோயிற்று. பெருந்தொற்று வந்தபோது வார்டுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாமல்தான் அதை எதிர்கொண்டோம். முகப்பைக் காப்பாற்றி உள்ளீட்டைக் கைவிடுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

குபேர் அங்காடி என்கிற பெரிய மார்க்கெட்டின் கதையும் இதுவே. 2017-இல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அங்காடியை இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது, இடிக்க வேண்டாம், சீர்செய்து தாருங்கள் என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள். மீன் விற்கும் பெண்களுக்கும் பூக்கடைக்காரர்களுக்கும் அந்த அங்காடி வெறும் கட்டடமன்று. வாடிக்கையும் கடனும் உறவும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. இரண்டாண்டு வேறிடத்தில் உட்காரச் சொன்னால் அந்த ஏற்பாடு கலைந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. அந்த அச்சத்தைத் தீர்க்கப் பேசவேண்டிய மன்றம் மேரி கட்டடத்தில் இல்லை.

* * *

வெளியுலகம் என்ன செய்கிறது? வெனிசு நகரம் 2021 ஆகஸ்டு முதல் பெருங்கப்பல்களைத் தன் உள்நீர்வழியிலிருந்து விலக்கியது. 2024 ஏப்ரலில், பகலில் வந்து திரும்புவோரிடம் குறிப்பிட்ட நாள்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பூடான் 2022 செப்டம்பரில் நாளொன்றுக்கு 200 டாலர் விதித்து, வருகை சரியவே, மறு ஆண்டு அதை 100 டாலராகக் குறைத்தது. இந்தியர்களுக்கு 1,200 ரூபாய். நமக்கருகில், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது.

இவற்றை அப்படியே பெயர்த்து நடவேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். வாயிலில் கட்டணம் வைத்தால் பணக்காரப் பயணி தயங்கமாட்டார்; விழுப்புரத்திலிருந்து பேருந்தில் குழந்தைகளோடு கடல் பார்க்க வரும் குடும்பம்தான் நின்றுபோகும். கடல் அவர்களுக்கும் உரியது. இதைவிட நமக்குப் பொருத்தமான பாடம் கேரளத்தின் குமரகத்தில் இருக்கிறது. 2008-இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலா முயற்சியில், அங்குள்ள விடுதிகள் தங்களுக்கு வேண்டிய காய்கறியையும் பிறவற்றையும் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களிடமும் விவசாயிகளிடமும் வாங்க ஏற்பாடு செய்யப்பட்டது. அதை நடத்தியதில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிக்குப் பங்கிருந்தது. ஊராட்சி இருந்ததால்தான் விடுதிக்காரரோடு உட்கார்ந்து பேச ஒருவர் இருந்தார்.

எனவே நாம் கேட்பவை பெரிய கனவுகள் அல்ல. ஆறே ஆறு.

முதலாவது, உள்ளாட்சித் தேர்தல். மற்றவை அனைத்தும் இதன்மேல் நிற்பவை.

இரண்டாவது, வாயிலில் அல்லாமல் விடுதி அறையில், இரவுக்கு இவ்வளவு என்று, வாடகைக்கு ஏற்ற ஒரு சிறு தொகை. அதைக் குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகியவற்றுக்கு மட்டும் செலவிட்டு, கணக்கை வார்டுதோறும் தமிழில் ஒட்டவேண்டும்.

மூன்றாவது, விடுதி, ஹோம்ஸ்டே, மதுக்கூடம் ஆகியவற்றின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று தாள்கள் கேட்கவேண்டும்: தண்ணீர் எங்கிருந்து எவ்வளவு, கழிவு எங்கே போகிறது, வேலை செய்பவர்களின் பெயர்ப் பட்டியலும் சம்பளமும். சிறு நிறுவனங்களின் தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு நல நிதி அமைத்தால், அடுத்த தொற்றோ அடுத்த புயலோ வரும்போது கதவு சாத்தினாலும் அடுப்பு எரியும்.

நான்காவது, 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை எழுத்துப்படி நடத்துவது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பது சட்டம். கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அகற்றலாகாது என்பதும் சட்டம். காந்தி வீதியின் ஞாயிறு சந்தையும் கடற்கரையின் சுண்டல் கூடையும் நகரின் அழுக்குகள் அல்ல. பயணியின் பணம் இடைத்தரகர் இன்றி ஏழையின் கைக்குப் போகும் நேர்வழிகள்.

ஐந்தாவது, மணலுக்கு மாநில எல்லை தெரியாது என்பதால், தமிழ்நாடும் புதுச்சேரியும் கூடிய கடற்கரைக் குழு ஒன்று. துறைமுகத்தில் தேங்கும் மணலை வடக்கே விடுவதும், குப்பங்களில் படகு ஏற்றும் இடத்தைச் சுற்றுலாக் கட்டுமானத்துக்குத் தராதிருப்பதும் அதன் முதல் வேலையாகவேண்டும்.

ஆறாவது, வைசியாள் வீதியில் செய்ததை மற்ற வீதிகளுக்கும் விரிப்பது. ஆலைத் தொழிலாளர் வரலாற்றையும் நாட்குறிப்பின் ஊரையும் எழுத்தாளர்களின் ஊரையும் சொல்லக்கூடிய உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவிப்பது.

கெடுபிடி செய்தால் பயணியர் வேறிடம் போய்விடுவார்கள், ஏழைகளின் பிழைப்புத்தான் போகும் என்று சொல்வோர் உண்டு. இதை அலட்சியப்படுத்த முடியாது. பூடான் கட்டணத்தைக் குறைக்க நேர்ந்தது அதனால்தான். ஆனால் இவ்வாதத்தை எழுப்புவோர் பெரும்பாலும் அந்த ஏழைகள் அல்லர். அறை துடைக்கும் பெண்ணைக் கேட்டால், ஆள் குறைய வேண்டும் என்று அவள் சொல்லமாட்டாள். ஆள் கூடும்போது தன் சம்பளம் ஏன் கூடவில்லை என்றுதான் கேட்பாள். மேற்சொன்ன ஆறில் ஒன்றுகூடப் பயணியைத் தடுப்பதன்று. வருகிறவர் விட்டுச்செல்லும் பணமும் குப்பையும் யார் யாருக்குப் போய்ச் சேர்கின்றன என்பதை மாற்றுபவை மட்டுமே.

பெருந்தொற்று மறுபடியும் வராது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. புயலும் கடலரிப்பும் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி கடலில் சரிந்ததை நகரமே வந்து பார்த்துச் சென்றது. அடுத்த முறை ஊர் அடைபடும்போது யார் பட்டினி கிடப்பார்கள் என்பது அப்போது முடிவாவதில்லை; கூட்டம் வந்துகொண்டிருக்கிற இந்நாள்களில், உரிமத் தாள்களிலும் சம்பளப் பதிவேடுகளிலும் மன்றக் கூட்டங்களிலும் முடிவாகிறது. மேரி கட்டடத்துக்கு வெள்ளை பூசி விளக்கும் போட்டாயிற்று. அதன் உள்ளே ஓர் அவையைக் கூட்டி, அதில் மீன்காரப் பெண் ஒருத்தியும் எழுந்து பேச இடம் தருவதுதான் இனி செய்யவேண்டியது.